உடல்வலுக் கிறித்தவம்

19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவரிடையே வேரூன்றிய ஒழுக்க இலட்சியம். உடல் இறைவன் தந்தது. அதைப் பழக்கி, அடக்கி, நலிந்தவரைக் காக்கப் பயன்படுத்த வேண்டும் என்பது இதன் சாரம். 1857இல் சார்லஸ் கிங்ஸ்லியின் நாவல் ஒன்றுக்கு வந்த மதிப்புரையால் இப்பெயர் பரவியது. கிங்ஸ்லிக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய நண்பர் தாமஸ் ஹியூஸோ மனமுவந்து ஏற்று, 1861இல் வந்த 'டாம் பிரவுன் அட் ஆக்ஸ்ஃபோர்டு' நாவலில் அதற்கு விளக்கமும் எழுதினார்.

இலட்சியம் உருப்பெற்ற களம் ஆற்றுப் படகோட்டம். இரு பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டி 1829இல் தொடங்கியது. ஆனால் மாணவரின் அன்றாட வாழ்வைப் பிடித்திருந்தது கல்லூரிகளுக்கிடையிலான முட்டுப் பந்தயம்தான். ஆறு குறுகல், படகுகள் அருகருகே போக முடியாது. ஆகவே கேம்பிரிட்ஜில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் நிறுத்துவார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் முன்படகை முட்டப் பின்படகு பாயும். முட்டிவிட்டால் அடுத்த பந்தயத்தில் இரண்டும் இடம் மாறும். துடுப்பிடும் எட்டுப் பேரில் ஒருவர் தாளம் தப்பினாலும் படகு தளர்ந்துவிடும். தன்னை மறந்து குழுவுக்காக உழைக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

கேம்பிரிட்ஜின் டிரினிட்டி ஹால் கல்லூரி ஆசிரியர் லெஸ்லி ஸ்டீஃபன் கரையோரம் ஓடிக்கொண்டே படகோட்டிகளைப் பழக்கினார். சமய நம்பிக்கை தளர்ந்ததும் கல்லூரி வழிபாடு நடத்த மனம் ஒப்பாமல் 1862இல் ஆசிரியர் பொறுப்பைத் துறந்தார். அந்த நேர்மை போற்றத்தக்கது.

இந்த இலட்சியம் ஆண்களை மட்டுமே எண்ணியது. பெண்களுக்கான கிர்டன் கல்லூரி 1869இல் தொடங்கியும், கேம்பிரிட்ஜ் 1948 வரை அவர்களுக்கு முழுப் பட்டம் வழங்கவில்லை.