எரிபொருள் தீர்ந்த விமானமும் ரெண்டு நாள் ட்ரெய்னிங்கும்

பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கு லீடர்ஷிப் ட்ரெய்னிங் பத்தி தனியா சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு நாள் ஓட்டல் சாப்பாடு, கட்டம் போட்ட படம், குழு விளையாட்டு, கடைசியில ஒரு சர்டிபிகேட். திங்கட்கிழமை வழக்கம் போல ஆணி புடுங்கப் போயிடுவோம் :-) ஆனா இதே வகையறா ட்ரெய்னிங் ஒரு தொழிலையே மாத்தின கதை ஒண்ணு இருக்கு.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்துல இறங்க வந்துச்சு யுனைடெட் 173-ங்கற விமானம். டிசி-8 ரகம், உள்ளே 189 பேர். சக்கரத்தை இறக்கும்போது டமால்னு ஒரு சத்தம். சக்கரம் பூட்டிக்கிச்சுன்னு காட்டுற பச்சை விளக்கு சரியா எரியலை. கேப்டன் நல்ல அனுபவசாலி. அவசரப்படாம, விமானத்தைச் சுத்த விட்டுக்கிட்டே சக்கரத்தை ஆராய்ஞ்சார், பயணிகளை அவசர இறக்கத்துக்குத் தயார் பண்ணச் சொன்னார். சுமார் ஒரு மணி நேரம் இப்படியே போச்சு. எரிபொருள் குறையுதுன்னு பக்கத்துல இருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்குத் தெரியும். சொல்லவும் சொன்னார். ஆனா எப்படி? நாம மேனேஜர்கிட்ட "ஒருவேளை டைம் பத்தாதோ என்னமோ"ன்னு இழுப்போமே, அந்த மாதிரி. ஓங்கிச் சொல்லலை. எஞ்சின்கள் ஒவ்வொண்ணா அணைய, ரன்வேக்கு சுமார் 6 மைல் முன்னாடியே விமானம் விழுந்துடுச்சு. செத்தவங்க 10 பேர். அந்த ஃப்ளைட் இன்ஜினியரும் அதுல ஒருத்தர்.

சக்கரம் கீழ இறங்கி பூட்டித்தான் இருந்துச்சுங்கறது பின்னாடி தெரிஞ்சது.

1979-ல வந்த விசாரணை அறிக்கையில இருந்த பரிந்துரைதான் முக்கியம். கேப்டன்களுக்கு மத்தவங்க பேச்சையும் கேட்டு முடிவெடுக்கப் பழக்கணும், மத்தவங்களுக்கு அழுத்திச் சொல்லப் பழக்கணும்னு ரெண்டையும் சேர்த்தே கேட்டாங்க. தலைவனுக்கு மட்டும் பாடம் எடுத்தா போதாதுன்னு 1979-லயே புரிஞ்சிருக்கு. நம்ம ஊர்ல இன்னமும் லீடை மட்டும்தான் ஓட்டலுக்கு அனுப்பறாங்க!

அதே வருஷம் நாசா ஒரு பட்டறை நடத்துச்சு. 1981-ல யுனைடெட் நிறுவனமே பயிற்சியை ஆரம்பிச்சுது. பின்னாடி க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மெண்ட், சுருக்கமா சி.ஆர்.எம்.னு உலகம் முழுக்கப் பரவினது இதுதான். ஆரம்பத்துல அவங்க எடுத்துக்கிட்டது என்ன தெரியுமா? பிளேக்கும் மூட்டனும் ஆபீஸ் மேனேஜர்களுக்காக உருவாக்கின அதே கட்டம் போட்ட படம்! விமானிகள் பலர் கடுப்பாகி, நல்லா பேசிப் பழகக் கத்துக்கொடுக்கற பள்ளிக்கூடம்னு கிண்டல் பண்ணாங்க. ஆனா யுனைடெட் அதை ஒரு தடவையோட விடலை. வருஷா வருஷம் திரும்ப நடத்துனாங்க. அதோட, மூணு பேரையும் சேர்த்து சிமுலேட்டர்ல உக்கார வெச்சு, ஒரு முழுப் பயணத்தை ஓட்டவிட்டு வீடியோ எடுத்து, யார் பேசலை, யார் கேக்கலைன்னு அவங்களையே பாக்க வெச்சாங்க. படம் போட்டுக் காட்டுனது ட்ரெய்னிங்கா ஆனது இங்கதான்னு நான் நினைக்கிறேன்.

1989 ஜூலை 19-ல பரீட்சை வந்துச்சு. யுனைடெட் 232, டிசி-10, 296 பேர். வால் பக்க எஞ்சின் வெடிச்சு மூணு ஹைட்ராலிக் அமைப்பும் காலி. அதாவது ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லைங்கற கதை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ். பயணியா வந்த டென்னிஸ் ஃபிட்ச், டிசி-10 ஓட்டக் கத்துக்கொடுக்கறவர், உதவட்டுமான்னு கேட்டார். ஹெய்ன்ஸ் கௌரவம் பாக்காம உள்ள கூப்பிட்டு, த்ராட்டிலை அவர் கையில கொடுத்துட்டார். நாலு பேரும் பேசிப் பேசியே, மிச்சமிருந்த ரெண்டு எஞ்சினைக் கூட்டிக் குறைச்சு 44 நிமிஷம் ஓட்டினாங்க. சியூ சிட்டி ரன்வேயில மோதி உடைஞ்சதுல 112 பேர் இறந்தாங்க, 184 பேர் பிழைச்சாங்க. அப்புறமா சிமுலேட்டர்ல செஞ்சு பாத்ததுல, இப்படி ஒரு விமானத்தைப் பத்திரமா இறக்கறது ஏறக்குறைய முடியாத காரியம்னு தெரிஞ்சது.

இதைப் படிச்சப்புறம் எங்க டீம்ல ஒண்ணு கொண்டுவந்தேன். ரிலீஸ் போகலாமா வேணாமாங்கற கேள்வியை, கடைசியா சேர்ந்தவங்ககிட்ட முதல்ல கேக்கறது. நான் கடைசியாத்தான் வாயைத் திறப்பேன். ஆபீஸ்ல யாரையும் சார்னு கூப்பிடறதில்லை, பேர் சொல்லித்தான் கூப்பிடறோம். இருந்தும் முதல் ரெண்டு தடவை "ஓகே, ஓகே"தான் வந்துச்சு. மூணாவது தடவை ஒரு பொண்ணு, பேக்கப்பைத் திரும்ப ஏத்திப் பாக்கவே இல்லையேன்னு தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. கஸ்டமர் லைன்ல காத்திருக்க, அரை மணி நேரம் தள்ளி வெச்சோம். ஏத்திப் பாத்தா, ஏறலை.

2019-ல காலமான ஹெய்ன்ஸ், ஓய்வுக்கப்புறம் ஊர் ஊரா போய் அந்த 44 நிமிஷத்தைப் பத்தி பேசினார். பிழைச்சதுக்கு அஞ்சு காரணம் சொல்வார். பேச்சு, தயாரிப்பு, செயல், ஒத்துழைப்புன்னு நாலு. அதுக்கெல்லாம் முன்னாடி அவர் முதல்ல சொல்றது அதிர்ஷ்டம்.