அணைந்தே கிடக்கும் விளக்கு

அவசரகால விளக்கு ஆண்டு முழுவதும் சும்மா கிடப்பது. கரண்ட் போன சில நிமிடங்கள் மாடிப்படியையும் வெளியேறும் கதவையும் காட்டுவதே அதன் வேலை. மற்ற விளக்கு கெட்டால் அன்று மாலையே தெரிந்துவிடும். இது கெட்டிருப்பது தேவைப்படும் நொடிவரை தெரியாது. அதனால் இதன் வரலாற்றில் விளக்கைவிட அதைச் சோதிக்கும் வழக்கத்துக்கே பங்கு அதிகம்.

1881 டிசம்பர் 8 மாலை வியன்னாவின் ரிங் தியேட்டரில் ஓஃபன்பாக்கின் 'ஹாஃப்மனின் கதைகள்' ஓபரா தொடங்க இருந்தது. மேடைமேல் இருந்த எரிவாயு விளக்குகள் முதல் முயற்சியில் பற்றவில்லை. அதற்குள் வாயு கசிந்து சேர்ந்துவிட்டது. மறுபடி பொறி விழுந்ததும் திரைச்சீலைகள் பற்றிக்கொண்டன. எரிவாயு நிறுத்தப்பட, அரங்கம் முழுவதும் இருண்டது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே எண்ணெய் விளக்குகள் இருந்தன. அன்று அவை ஏற்றப்படவில்லை. உள்பக்கமாகத் திறக்கும் கதவுகளைத் தள்ளிய கூட்டமே அவற்றை மூடிவிட்டது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 384 பேர். அரங்கின் தலைவர் ஃபிரான்ஸ் யாவ்னர் நீதிமன்றத்தில் நின்றார், நகர மேயர் பதவி விலகினார். ஏட்டில் பார்த்தால் அந்தக் கட்டடத்தில் அவசர வெளிச்சம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டில் லண்டன் சவாய் தியேட்டரிலும், 1882இல் புர்னோ நகர அரங்கிலும் மின்விளக்கு வந்தது. தீ அபாயம் குறைந்தது. ஆனால் ஒரு ஃபியூஸ் போனால் மொத்தமும் இருளும் நிலை மாறவில்லை. இரண்டாவதாக, முதலாவதைச் சாராத ஒரு வெளிச்சம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. சீக்கிரம் தீப்பற்றும் படச்சுருளைக் கொண்ட சினிமாக் கொட்டகைகளுக்காகப் பிரிட்டன் 1909இல் தனிச் சட்டமே போட்டது. பல கொட்டகைகளில் முதலில் எரிவாயுவும் பிறகு பேட்டரியும் அந்த இரண்டாவது இடத்தை நிரப்பின.

பேட்டரி அறைகளோடுதான் சோதனை அன்றாட வேலையானது. மரத்தாங்கிகளில் வரிசையாக ஈய-அமில செல்கள். பொறுப்பாளர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்திவிட்டு அமிலத்தை உறிஞ்சுவார். மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்து, மிதவையும் தாழும். மட்டம் குறைந்த செல்லில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எண்ணைப் பதிவேட்டில் எழுதுவார். இன்றைய சோதனைப் பதிவேட்டின் மூதாதை அமிலக்கறை படிந்த அந்த நோட்டுதான்.

1942 நவம்பர் 28இல் பாஸ்டனின் கோக்கனட் குரோவ் கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தனர். அங்கும் விளக்குகள் அணைந்தன. ஆனாலும் பார்வையாளர் கூடும் இடத்துக்கு வந்த கட்டுப்பாடு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வரக் காலம் பிடித்தது. அவசர வெளிச்சத்துக்கான பிரிட்டனின் பிஎஸ் 5266 தரநிலை 1975இல் வெளிவந்தது. பணியிடங்களின் வெளியேறும் வழிகளுக்குப் போதிய அவசர வெளிச்சம் வேண்டும் என்று 1989இல் ஐரோப்பிய சமூகத்தின் ஆணை கூறியது. அதற்குள் பேட்டரி அறையின் இடத்தைப் பெரும்பாலும் தன்னுள்ளேயே நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்த சிறு விளக்குகள் பிடித்திருந்தன. ஓர் அறையில் செய்த சோதனை இப்போது நூறு இடங்களுக்குச் சிதறியது.

அமெரிக்க விதிப்படி மாதம் ஒருமுறை 30 விநாடி, ஆண்டுக்கொருமுறை 90 நிமிடம் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனிலும் மாதச் சோதனை சிறிது நேரமே. ஆண்டுச் சோதனையில் விளக்கு அதன் முழு நேரமும், பெரும்பாலும் 3 மணி, எரிந்தாக வேண்டும். மாதச் சோதனையில் ஊழியர் ஒரு சிறு சாவியைச் சுவர்ப் பொத்தானில் திருப்பி மின்சாரத்தை நிறுத்துவார். விளக்கிலுள்ள பச்சைப் புள்ளி பேட்டரிக்கு சார்ஜ் ஏறுகிறது என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்லாது. தேய்ந்த பேட்டரி 30 விநாடி பளிச்சென்று எரிந்து, பத்தாவது நிமிடத்தில் படுத்துவிடலாம். முழுச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதன்பின் பேட்டரி நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அந்த இடைவெளியில் கட்டடத்துக்குக் காப்பு இல்லை. அதனால் வேலை முடிந்த பிறகோ, விளக்குகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தோ அதைச் செய்வார்கள்.

1993 பிப்ரவரி 26இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தபோது மின்சாரத்தோடு அவசர ஜெனரேட்டர்களும் நின்றன. புகை மண்டிய படிக்கட்டுகளில் மக்கள் தடவித் தடவி இறங்கினர். பின்பு அங்கே பேட்டரி விளக்குகளும், இருட்டில் தானே ஒளிரும் பூச்சும் வந்தன. உயர்ந்த அலுவலகக் கட்டடங்களின் படிகளில் ஒளிரும் குறிகளை நகரச் சட்டம் 2004இல் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1997 ஜூன் 13இல் டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்த தீவிபத்திலும், மின்சாரம் போனபின் வழிகாட்ட அவசர விளக்கு எரியவில்லை.

இப்போது தானே தன்னைச் சோதித்துக் கணினிக்குத் தகவல் அனுப்பும் விளக்குகள் உண்டு. அவற்றுக்கென ஐஇசி 62034 தரநிலையும் வந்துவிட்டது. பேட்டரியின் நிலையை அவை சொல்லும். விளக்கை மறைத்து அடுக்கிய அட்டைப்பெட்டிகளையும், தடுப்புச் சுவர் எழுப்பியதால் பின்னால் போய்விட்ட வெளியேறும் பலகையையும் நடந்து பார்க்கும் ஆள்தான் குறிக்க வேண்டும். பதிவேட்டில் குறை, சரிசெய்த நாள், கையெழுத்து ஆகிய கட்டங்கள் இன்னும் இருப்பது அதற்காகத்தான்.