இமாட்டினிப்: ஒரு மாத்திரையின் சென்னைக் கதை

காட்டாங்குளத்தூரில் மின்சார ரயில் ஏறும்போது என் சட்டைப்பையில் இன்ஹேலர் இருக்கும். சின்ன வயசிலிருந்தே வீசிங். அதனால் ஆஸ்துமா பற்றி எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவேன். அப்படித்தான் 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்தேன். மருந்தின் பெயர் இமாட்டினிப். அட, இது ரத்தப் புற்றுநோய் மாத்திரையாச்சே!

நம் உடம்பில் வளர்ச்சிக் காரணிகள் என்று சில புரதங்கள் உண்டு. 'வளரு, பெருகு, செத்துப்போகாதே' என்று செல்களுக்குச் செய்தி சொல்பவை. செல்லின் மேலிருக்கும் ஏற்பி அந்தச் செய்தியை வாங்கி உள்ளே கடத்தும். ஒருவகை ரத்தப் புற்றுநோயில், செய்தி எதுவும் வராமலேயே உள்ளே இருக்கும் சுவிட்ச் ஓயாமல் எரிகிறது. இமாட்டினிப் அதை அணைக்கிறது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதே மாத்திரை 'கிட்' என்ற ஏற்பியையும் அடைக்கும். மூச்சுக்குழாயை இறுகவைக்கும் மாஸ்ட் செல்கள் உயிரோடிருக்க அந்த ஏற்பி வேண்டும். கடுமையான ஆஸ்துமா உள்ள 62 பேரிடம் 24 வாரம் சோதித்தார்கள். இமாட்டினிப் எடுத்தவர்களின் மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கும் தன்மை குறைந்தது. தசைப்பிடிப்பும் வந்தது. சின்ன ஆய்வுதான்; இதை வைத்துச் சிகிச்சை என்று சொல்லிவிட முடியாது.

இந்த மாத்திரைக்குச் சென்னையில் ஒரு பழைய வழக்கு உண்டு. இதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் நோவார்ட்டிஸ் இங்கே விண்ணப்பித்தது. அந்த நிறுவனத்தின் மாத்திரை அப்போது மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியத் தயாரிப்பு 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. மறுப்புக்குக் காரணமான 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் அது தள்ளுபடி. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

பழைய மருந்தின் புது வடிவம் கூடுதலாக நோயைக் குணமாக்கினால்தான் காப்புரிமை என்பதே அந்தப் பிரிவைப் பற்றி எல்லோரும் பேசியது. அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது: தெரிந்த பொருளின் புதுப் பயன் கண்டுபிடிப்பு ஆகாது. அப்படியென்றால் இமாட்டினிப்பை ஆஸ்துமாவுக்குக் கொடுப்பதற்கு இங்கே யாருக்கும் தனியுரிமை கிடைக்காது. என்னைப் போன்ற நோயாளிக்குச் சந்தோஷம். ஆனால் தனியுரிமை இல்லாத மருந்துக்குப் பல கோடி செலவழித்து எந்த நிறுவனம் பெரிய ஆய்வு நடத்தும்?

ரயில் தாம்பரம் சானடோரியத்தில் நிற்கும்போது இதற்கு ஒரு பதில் தோன்றும். காசநோயாளி மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்தால்தான் பிழைப்பார் என்று நம்பிய காலம் அது. 1956இல் சென்னையில் அதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை, பாதிப் பேருக்கு சானடோரியம். மருந்துகள் ஏற்கெனவே தெரிந்தவைதான். நடத்தியவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு. எல்லாமே பொதுப்பணம். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தரும் என்று 1959இல் முடிவு வந்தது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

மருந்தை மலிவாக வைத்திருக்கச் சட்டம் போதும். அது எதற்கெல்லாம் உதவும் என்று தெரிந்துகொள்ள அரசுதான் செலவு செய்யணும். இதே ஊர் ஒருமுறை செய்துகாட்டிய வேலைதான்.