இந்திய நிலக்கரியில் சாம்பல் ஏன் இவ்வளவு அதிகம்?

அனல்மின் நிலையங்களில் இந்திய நிலக்கரியை 100 கிலோ எரித்தால், பெரும்பாலும் 30 முதல் 45 கிலோ வரை சாம்பலாக மிஞ்சும். ஏன் இப்படி?

எந்த மரம்?

சுமார் 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்ட்வானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்தன. அப்போது இங்கே அடர்ந்து வளர்ந்தவை, நாக்கு வடிவ இலை கொண்ட குளோசோப்டெரிஸ் மரங்கள். ஜாரியா, ராணிகஞ்ச், தால்ச்சேர் நிலக்கரியில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

எங்கே படிந்தது?

ஆற்றோரச் சதுப்புகளில். தண்ணீரில் மூழ்கிய தாவரங்கள் காற்றுப் படாததால் முழுசா மக்கவில்லை. வெள்ளம் அடித்து வந்த களிமண்ணும் வண்டலும் அதோடு கலந்தன. அந்த மண்தான் இன்றைய சாம்பல்.

கழுவினால் போகாதா?

கொஞ்சம் போகும். மண் உள்ளுக்குள்ளேயே நுணுக்கமாகக் கலந்திருப்பதால் முழுசா நீக்க முடியாது.

நல்லதே இல்லையா?

இருக்கு. நன்னீரில் உருவானதால் கந்தகம் குறைவு, பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. பிற்காலத்தில் கடலோரச் சதுப்புகளில் உருவான மேகாலயா நிலக்கரியில் நிலைமை தலைகீழ்: சாம்பல் குறைவு, கந்தகம் அதிகம்.