பேர் எழுதாத மூட்டை

ஒரு பாட்டு கடலைத் தாண்டிப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கம்பெனி வழி: ஒப்பந்தம், இசைத்தட்டு, உறையில் பாடகர் படம், விற்ற தட்டுக்குக் கணக்கு. மற்றது கள்ளவழி: யாரோ ஒருவன் பதிந்துகொள்கிறான், அவனிடமிருந்து இன்னொருவன் பதிகிறான், மூன்றாமவனிடம் பாட்டு மட்டும் வந்து சேருகிறது, பாடியவன் வருவதில்லை. ‘சுராங்கனி’ என்ற இலங்கைப் பாட்டு எங்கள் பக்கத்துக்கு இந்த இரண்டாவது வழியாகத்தான் வந்தது. போடிநாயக்கனூரில் அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பாட்டு வந்த வழியை இங்கே எழுதுவது ஏக்கத்தினால் அல்ல. திருட்டு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற காரியத்தில் எது உண்மையில் திருட்டு என்பதை நம் விமர்சகர்கள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதனால்.

முதலில் பாட்டின் பூர்வீகம். 1505இல் போர்த்துக்கீசியர் இலங்கைக் கரையேறினார்கள். அவர்களுடைய ஆட்டபாட்டங்களும், அவர்கள் காலத்திலும் பின்னரும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் தாளமும் கரையோரத்தில் கலந்தன. ‘பைலா’ என்ற சொல்லே போர்த்துக்கீசியத்தில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 1940களில் போலீஸ் உத்தியோகத்திலிருந்த வாலி பாஸ்டியன் அந்த மெட்டுகளுக்குச் சிங்களச் சொற்களை இட்டுப் பாடினார். நவீன பைலா அவரிடமிருந்து தொடங்குகிறது. ஆக, சுத்தமான பூர்வீகம் என்று எதையும் இங்கே தேட முடியாது. அடிமையின் தாளத்தை எஜமானன் எடுத்தான், எஜமானனின் மெட்டைக் குடிமகன் எடுத்தான். 1960களிலும் 70களிலும் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் இதே தாளத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அதைப் ‘பொப்’ என்று எழுதினார்கள். நித்தி கனகரத்தினம் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரரான ஏ.ஈ. மனோகரன் இன்னொருவர். மனோகரன் மேடைக் கலைஞர். ஊர் ஊராகப் போய்ப் பாடி ஆடியவர். சிங்களத்திலும் தமிழிலும் பாடியவர். ‘சுராங்கனி’ அவருடைய பாட்டாகத்தான் பரவியது. மீன் கொண்டுவந்திருப்பதாக ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற, சிங்கள அடிகளும் தமிழ் அடிகளும் தோளில் கைபோட்டு நடக்கிற பாட்டு.

இது போடிக்கு எப்படி வந்தது? காற்று வழியாக முதலில். 1952இல் மத்திய மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஒடுக்கியபோது, கேட்கிறவர்கள் முள்ளைத் திருகி இலங்கையைப் பிடித்தார்கள். சர்க்கார் பின்னால் மனம் மாறி 1957இல் விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் தென்மாவட்டங்களில் அந்தப் பழக்கம் போகவில்லை. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை எங்களுக்கு அயல்நாட்டு வானொலி அல்ல; பக்கத்துத் தெரு. ஆனால் வானொலியில் பாட்டு வந்தால் பேரும் வரும். பாடியவர் இன்னார் என்று அறிவிப்பாளர் சொல்லிவிடுவார். பேர் தொலைந்த இடம் வானொலி அல்ல.

பேர் தொலைந்தது கேஸட்டில். எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டிகள் வரத் தொடங்கின. அதுவரை இந்தியாவில் பதிந்த சங்கீதம் என்றால் கிட்டத்தட்ட ஹெச்.எம்.வி. என்ற ஒரே கம்பெனி. சில வருஷங்களுக்குள் அந்த ஏகபோகத்தை உடைத்தது சட்டமோ போட்டிக் கம்பெனியோ அல்ல. ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்று போர்டு மாட்டிய ஒற்றை அறைக் கடை. பாட்டுகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேஸட்டில் பதிந்து தருவான். கேஸட் உறையின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவதற்கு இருக்கும் இடம் ஒரு விரல் அகலம். பாட்டின் பேருக்கே அது போதாது. ‘சிலோன் பாட்டு’ என்று எழுதினான். இலங்கை தன் பேரை 1972இல் மாற்றிக்கொண்ட பின்பும் எங்கள் கேஸட்டுகளில் அது சிலோனாகவே இருந்தது.

விடியுமுன் போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும். தூக்குச்சட்டியும் கொங்காணியுமாக நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை என்று கேரளத்துக்குள் இறங்குவார்கள். அந்த ஜீப்புகளில் இந்தப் பாட்டு ஓடியதை நான் கேட்டிருக்கிறேன். குரங்கணிப் பக்கத்துப் பையன்கள் சுராங்கனியைக் ‘குரங்கணி’ ஆக்கிப் பாடினார்கள். அதன் பாதி அடிகள் சிங்களம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஏதோ மலைச்சாதி பாஷை என்று ஒருவரும், மலையாளத்தின் ஒரு தினுசு என்று ஒருவரும் என்னிடம் சொன்னார்கள்.

1977இல் பாட்டு சினிமாவுக்குள் வந்தது. ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில், இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் பாடினார். அதற்குப் பிறகு அது சினிமாப் பாட்டு என்பதே பலரின் நினைப்பு. மனோகரன் சென்னைக்கு வந்தார். திரையில் ‘சிலோன் மனோகர்’ ஆனார். ‘பில்லா’ (1980) போன்ற படங்களில் சிறு வேஷங்களில் தோன்றினார். கதாநாயகனிடம் அடிவாங்கும் கூட்டத்தில் நிற்கிற அந்த மனிதர்தான் தாங்கள் கல்யாண வீட்டில் ஆடுகிற பாட்டின் சொந்தக்காரர் என்று கொட்டகையில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘சிலோன்’, ‘மலேசியா’ — கடல் கடந்த தமிழனை நாம் ஏற்றுக்கொள்கிற விதம் இது. அவன் பேருக்கு முன்னால் அவன் புறப்பட்ட துறைமுகத்தை ஒட்டிவிடுகிறோம்.

1983 ஜூலைக்குப் பின் இந்தப் பாட்டுக்கு ஒரு கொடூரமான பரிமாணம் சேர்ந்தது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. ராமேஸ்வரத்தில் அகதிகள் இறங்கினார்கள். எங்கள் ஊரிலும் கடையடைப்பு, ஊர்வலம். சாயங்காலம் ஊர்வலம் கலைந்த பிறகு டீக்கடையில் அதே சிங்கள அடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் திடுக்கிடவில்லை. இதை மனிதகுல ஒற்றுமையின் அடையாளம் என்று புல்லரிக்கிறவர்கள் புல்லரிக்கலாம். எனக்கு அது அறியாமையாகத்தான் படுகிறது. இரண்டு பாஷைகளையும் ஒரே மூச்சில் பாடக்கூடிய ஒரு தமிழன் இருந்தான் என்ற செய்தி அந்தப் பாட்டுக்குள் இருந்தது. பேரை உரித்தபோது அந்தச் செய்தியும் சேர்ந்து உரிந்துபோய்விட்டது. மிஞ்சியது தாளம்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபம். மெட்டை எடுத்தாள்வது நம் மரபு அல்லவா? எங்கள் மலையிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். ஈ.எம்.எஸ். மந்திரிசபையின் பெரும்பான்மை மெலிந்தது. ஒரு தொகுதியும் முக்கியம். வாக்காளர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் அந்த மலைகளில் லயம் லயமாகப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பாவலரோடு மேடையேறத் தொடங்கிய சிறுவயதுத் தம்பி பிற்பாடு இளையராஜா. பாவலர் பாட்டுகளில் பல, அன்று பிரபலமாயிருந்த சினிமா மெட்டுகளில் கட்சியின் சொற்களை ஏற்றியவை. யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

ஆனால் வித்தியாசம் இருக்கிறது. பாவலர் எடுத்த மெட்டு எது என்று கேட்டவர்கள் அனைவருக்கும் தெரியும். தெரிந்தால்தான் அந்தப் பாட்டில் ருசி. பழைய பாட்டு அடியில் கேட்டுக்கொண்டே இருக்க, மேலே புதுப் பாட்டு அதைச் சீண்டும். அங்கே பிரதி மூலத்தை மறைப்பதில்லை, அதன்மேல் ஏறி நிற்கிறது. கேஸட் பிரதி பாட்டை அப்படியே கொண்டுவந்து தந்தது, ஆனால் மூலத்தைத் துடைத்துவிட்டது. அது வராதிருந்தால் எங்கள் மலைக்குப் பாட்டே வந்திருக்காது என்பதும் உண்மை. கம்பெனி வழி பூப்பாறைக்குப் போகவில்லை.

சட்டம் என்ன சொன்னது? 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுத்தில் வடித்த இசைதான் ‘இசைப் படைப்பு’. வாயால் இட்டுக்கட்டி வாயால் பாடுகிறவன் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டான். பாடுகிறவனின் குரலுக்கு உரிமை என்று ஒன்றே கிடையாது. ‘சுராங்கனி’ தமிழ்ப் படத்தில் வந்த அதே 1977இல், சினிமா இசையின் உரிமை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்: பாடகனைக் கணக்கிலெடுக்காத இந்தச் சட்டம் நம் சங்கீதத்தின் இயல்புக்கே பொருந்தாதது, திருத்த வேண்டும் என்று. இந்தக் கிருஷ்ணய்யர்தான் 1957இன் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்ட மந்திரி. லயங்களில் பாடிய பாவலரின் குரல் காப்பாற்றித் தந்த அதே மந்திரிசபை. பாடகனுக்குச் சட்டம் உரிமை தந்தது 1994ஆம் வருஷத்துத் திருத்தத்தில்தான். 

வெளியுலகத்தில் இதைவிடப் பெரிய கதைகள் உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் ஜூலு பாடகன் சாலமன் லிண்டா 1939இல் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிந்தான். உரிமைக்காகக் கிடைத்தது பத்து ஷில்லிங். 1961இல் அது அமெரிக்காவில் வேறு பேரில் உலகப் பிரசித்தி பெற்றது. அடுத்த வருஷம் லிண்டா வறுமையில் செத்தான். அவன் பெண்கள் வழக்காடி உடன்பாட்டுக்கு வந்தது 2006இல். டெட்ராய்ட்டின் ரோட்ரிகெஸ் 1970இல் வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் விலைபோகவில்லை. தென்னாப்பிரிக்காவில் டேப்பில் கைமாறிக் கைமாறி ஒரு தலைமுறையின் பாட்டாயிற்று. அவருக்கு அது தெரியாது. அவர் செத்துப்போய்விட்டதாகவே அங்கே நம்பினார்கள். 1998இல் போய் நேரில் பாடினார். இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிண்டாவிடமிருந்து எடுத்தவர்கள் கம்பெனிகள், ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள், பேரை அழித்தார்கள். ரோட்ரிகெஸைப் பிரதி எடுத்தவர்கள் சாதாரண ரசிகர்கள். பேரை வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் பின்னொரு நாள் ஆளைத் தேட முடிந்தது. சட்டத்துக்குள் நடந்த கொள்ளை மோசமானதாகவும் சட்டத்துக்கு வெளியே நடந்த பிரதி கௌரவமானதாகவும் இருக்க முடிகிறது. அளவுகோல் பணம் மட்டும் அல்ல, பேர்.

ஏலக்காய் ஊர்க்காரனுக்கு இது புரியச் சிரமமில்லை. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் நம் ஏலச்செடியைக் குவாதிமாலா மலையில் நட்டார். 1980களில் உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்கிற நாடு அதுவாகிவிட்டது. அங்கத்தியர்கள் ஏலக்காயைச் சீண்டுவதே இல்லை. அத்தனையும் அரபு நாட்டுக் காபிக்கு. போடி வியாபாரிகள் இன்றும் குவாதிமாலா என்றால் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவர்களுடைய குறை விலை பற்றியது. செடி யாருடைய பேரையும் சுமந்து வளர்வதில்லை. பாட்டு அப்படி அல்ல. அதற்குள் ஒரு தொண்டை இருக்கிறது.

நம் எழுத்தாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கேஸட் கடைக்காரன் பேர் எழுதாததற்கு இடமில்லாமை காரணம். நாம் செய்தது வேறு. பேர் தெரியாத பாட்டைக் கண்டதும் ‘நாட்டுப் பாடல்’, ‘மக்கள் கலை’ என்று ஒரு மரியாதையான சொல்லைப் போர்த்தினோம். அந்தச் சொல் விழுந்த மறுநிமிஷம், ஊர் ஊராகப் போய்த் தொண்டை வற்றப் பாடிய மனிதன் இல்லாமல் போகிறான். பதிலாக ‘மக்கள்’ வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மக்களுக்கு ராயல்டி அனுப்ப வேண்டியதில்லை. ‘சுராங்கனி’யை இலங்கைக் கரையோர நாட்டார் பாடல் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன் — அதைப் பாடிய மனோகரன் சென்னையில் குடியிருந்த வருஷங்களிலேயே. அவர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

பிரதி எடுக்காதே என்பது நடைமுறைக்கு ஒவ்வாத உபதேசம். சிறுபத்திரிகையே கைமாறிப் பிரதியாகி வாழ்கிற ஜீவன். பிரதி எடுங்கள், பேரை எழுதுங்கள் என்பதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. போடியில் ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு லாட் எண் உண்டு. எண்ணுக்குப் பின்னால் ஒரு விவசாயி உண்டு. கணக்கு அவனைத் தேடிப் போகும். ஆள் சொல்லாமல் இருட்டில் கொண்டுவந்து இறக்குகிற மூட்டையை என்ன பேரிட்டு அழைப்பது என்று அங்கே எந்தச் சுமைதூக்கிக்கும் தெரியும். அதை நாட்டு ஏலக்காய் என்று யாரும் சொல்வதில்லை.