ஐஸ் ஹவுஸும் உறைந்த தயிரும்

தமிழில் ‘உறைந்த தயிர்’ என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். உறையாத தயிர் என்று ஒன்று உண்டா என்ன? பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடிவைத்தால் காலையில் உறைந்திருக்கும். உறையாவிட்டால் அது தயிரே இல்லை. ஆனால் தண்ணீர் ஐஸ் ஆவதையும் நாம் ‘உறைதல்’ என்றுதான் சொல்கிறோம். இரண்டு உறைதலும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்தால் கிடைப்பதுதான் பேரன் பேத்திகள் ‘ஃப்ரோசன் யோகர்ட்’ என்று கேட்கும் பண்டம். ஸ்ட்ராபெரி சேர்த்தால் அவர்களுக்கு இன்னும் குஷி.

முதல் உறைதல் நமக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் புதுமணப்பெண் தயிரைக் கையால் பிசைந்து கணவனுக்குச் சமைத்துப் போடுகிறாள். இரண்டாவது உறைதல் சென்னைக்கு வந்து இருநூறு வருஷம்கூட ஆகவில்லை. அது எப்படி வந்தது, வந்தபின் யார் கைக்குப் போயிற்று, நம் வீட்டு அடுக்களைக்கு வர ஏன் அத்தனை காலம் ஆயிற்று என்று எழுதத் தோன்றியது. செய்முறையும் கடைசியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வடக்கே முடிந்தது, இங்கே முடியவில்லை

வட இந்தியாவில் குளிர்ச்சிக்குப் பழைய வழிகள் இருந்தன. அக்பர் காலத்தில் வெடியுப்பு கரைத்த தண்ணீரில் பாத்திரத்தைச் சுழற்றிக் குடிநீரைக் குளிரவைத்தார்கள். லாகூர் அரண்மனைக்கு இமயமலையிலிருந்து பனிக்கட்டி வந்தது. இரண்டையும் அயினி அக்பரியில் அபுல் ஃபசல் எழுதிவைத்திருக்கிறார். அலகாபாத் பக்கம் இன்னொரு உத்தி. குளிர்கால இரவுகளில் தரையில் பள்ளம் வெட்டி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண் சட்டிகளில் காய்ச்சிய தண்ணீரை ஊற்றிவைப்பார்கள். விடியற்காலையில் சட்டியில் ஐஸ் படிந்திருக்கும். சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதை நேரில் பார்த்து 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார்.

நம்மூரில் இதெல்லாம் நடக்காது. சென்னையில் வெப்பநிலை 14 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். மார்கழி பஜனைக்கு மாடவீதிக்குப் போகும் மாமாக்கள் மஃப்ளர் சுற்றிக்கொள்வதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்! சென்னைக்கு ஐஸ் வரவேண்டுமானால் கடல் வழியாகத்தான் வந்தாகவேண்டும். அப்படித்தான் வந்தது, அதுவும் அமெரிக்காவிலிருந்து.

மரத்தூளில் வந்த விருந்தாளி

பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் அங்கே குளங்கள் கெட்டியாக உறைந்துவிடும். அதை அறுத்துக் கப்பலேற்றி வெயில் நாடுகளுக்கு விற்கலாம் என்று அவர் சொன்னபோது ஊரே சிரித்தது. பல தடவை கையைச் சுட்டுக்கொண்டு, கடனாளியாகி, ஜெயிலுக்கும் போய்வந்தார். கடைசியில் ஜெயித்தார். 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து நான்கு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் மிச்சம் இருந்தது. அதன் ரகசியம் மரத்தூளும் வைக்கோலும்தான். இன்றைக்கும் மீன் அங்காடியில் ஐஸ் பாரை மரத்தூளிலும் கோணியிலும் சுற்றி வைப்பதைப் பார்க்கலாம். அதே வித்தை.

கல்கத்தாவில் நல்ல வியாபாரம் ஆனதால் பம்பாய்க்கும் சென்னைக்கும் கப்பல்கள் வந்தன. இங்கே ஐஸைப் பத்திரப்படுத்த 1842-இல் கடற்கரையோரமாகக் கட்டியதுதான் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். தடித்த சுவர், வட்டமான முகப்பு. கப்பலிலிருந்து படகு, படகிலிருந்து கூலியாட்களின் தலை, தலையிலிருந்து கிடங்கு. நம் கடற்கரை வெயிலில் அந்தக் கூலியாளின் தலைமேல் பாஸ்டன் குளத்துப் பனி சொட்டியிருக்கும். அவருக்கு அந்த வேலையில் கிடைத்த குளிர்ச்சி அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஐஸை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், அப்புறம் வசதியுள்ள சில நம்மவர்கள். மதுக் கோப்பைக்கும் வெண்ணெய் உருகாமல் இருக்கவும் போனது போக, ஜுரம் கண்டவர்களின் நெற்றிக்கும் கொஞ்சம் போயிற்று.

1846–47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் டியூடரின் ஆட்கள் ஐஸ் அறுத்ததைக் கரையில் குடியிருந்த தோரோ பார்த்தார். பின்னாளில் காந்திஜி விரும்பிப் படித்த அதே தோரோதான். சென்னையில் வெயிலில் வாடுபவர்கள் தன் குளத்துத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று ‘வால்டன்’ புத்தகத்தில் அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். சென்னையில் யார் குடித்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஐஸ் போனது, வீடு நின்றது

1874-இல் இண்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியது. கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. காலியான கிடங்கை உயர்நீதிமன்ற வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னல்களும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். நீதிபதி கெர்னன் நினைவாக ‘காஸில் கெர்னன்’ என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பிறகு ராமகிருஷ்ணானந்தர் சில காலம் மடத்தை அங்கே நடத்தினார்.

1917-இல் அரசாங்கம் கட்டடத்தை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய விடுதி அங்கே இயங்கியது. அவர் 1886-இல் நம் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறுமியாக மணமாகி, உடனே கணவனை இழந்தவர். பிரசிடென்சி கல்லூரியில் படித்து 1911-இல் பட்டம் வாங்கினார். தலையை மழித்து மூலையில் உட்காரவைத்திருந்த பெண் குழந்தைகளை அழைத்துவந்து சோறு போட்டு, படிக்கவைத்து, டீச்சர் ஆக்கினார். அமெரிக்க ஐஸுக்காக எழுப்பிய சுவர்கள் நம் ஜனங்களுக்கு உபயோகப்பட்டது ஐஸ் போன பிறகுதான். 1963-இல் விவேகானந்தர் நூற்றாண்டின்போது ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் மாறியது. ஆனாலும் பஸ் கண்டக்டருக்கு அது இன்றும் ஐஸ் ஹவுஸ்தான்.

அத்தைப் பாட்டியின் டிரே

அந்த விடுதியில் இருந்து படித்தவர்களில் ஒருத்தி என் தாத்தாவின் தங்கை. எங்களுக்கு அத்தைப் பாட்டி. ஒன்பது வயதில் கல்யாணம், பதினொன்றில் எல்லாம் முடிந்தது. தஞ்சாவூர் ஜில்லா கிராமத்திலிருந்து அவள் தகப்பனார் ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் கொண்டுவந்து சேர்த்தார். டீச்சராகி, பல வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, ரிடையரானபின் ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களோடு இருந்தாள். “ஐஸ் ஹவுஸ்ல அஞ்சு வருஷம் இருந்தேன்டா, ஒரு துண்டு ஐஸ் கண்ணால பாத்ததில்லே” என்பாள்.

அவள் ஐஸ் சாப்பிடாததற்குக் காரணம் காசு மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளில் மர வாளி ஐஸ்கிரீம் சுற்றுவார்கள். நடுவில் தகர டப்பாவில் பால், சுற்றிலும் உடைத்த ஐஸும் கல்லுப்பும். உப்புச் சேர்ந்தால் ஐஸ் உருகும்போது சூடு பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரி வரைகூட இறங்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே பால் உறையும். 1843-இல் நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி காப்புரிமை வாங்கிய இயந்திரத்தின் வழிவந்தது அது. நாங்கள் வாளியைச் சுற்றி நிற்போம். பாட்டிகள் கிட்டே வரமாட்டார்கள். “எந்தத் தண்ணியோ, யார் கை பட்டதோ” என்பார்கள். அதில் சுத்தம் பாதி, ஜாதி பாதி. மூடி மறைப்பதற்கில்லை. விதவைக்கு இன்னும் கெடுபிடி. ஒரு வேளைச் சோறு, ராத்திரி பலகாரம், நாக்குக்கு ருசியாக எதையும் கேட்கக்கூடாது. படித்து, சம்பாதித்து, தம்பி மகனைப் படிக்கவைத்தவளும் அந்தக் கெடுபிடியைத் தன்மேல் தானே வைத்துக்கொண்டிருந்தாள்.

1966-இல் எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. 1958-லிருந்தே கோத்ரெஜ் நம் நாட்டில் ஃப்ரிட்ஜ் தயாரித்தாலும், எங்கள் தெருவில் அதுவரை இரண்டு வீட்டில்தான் இருந்தது. அத்தைப் பாட்டி இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு அம்மாவைக் கேட்டாள்: “இந்த டிரேல ஊத்தறது நம்மாத்துத் தண்ணிதானே?” ஆமாம் என்றாள் அம்மா. அன்று சாயங்காலம், ஐம்பத்தெட்டு வயதில், அத்தைப் பாட்டி ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, சர்க்கரையும் பங்கனபள்ளி மாம்பழக் கூழும் கலந்து, அலுமினிய டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். அரை மணிக்கொரு தரம் எடுத்து ஸ்பூனால் கிளறுவாள். எங்களுக்கும் கொடுத்துத் தானும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் ருசிக்காக ஒன்றைச் செய்து சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுபடியும் பாஸ்டன்

1970-களில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் எச்.பி. ஹூட் என்ற பால் கம்பெனி ‘ஃப்ரோகர்ட்’ என்று உறைந்த தயிரை விற்க ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி தொடங்கிய இடம் பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுன், ஆண்டு 1846. வால்டனில் ஐஸ் அறுத்தார்களே, அதே வருஷம்! ஐஸும் பாஸ்டனிலிருந்து வந்தது, உறைந்த தயிர் என்ற மோஸ்தரும் அங்கிருந்தே வந்தது. நடுவில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு டிரே இருந்தது யாருக்கும் தெரியாது. இப்படி எத்தனை ஊரில் எத்தனை டிரேயோ.

ஸ்ட்ராபெரி நம் தலைமுறைக்குப் பழமே அல்ல, ஒரு கலர். ஐஸ்கிரீம் கப்பில் ரோஸ் நிறமாக இருந்தால் ஸ்ட்ராபெரி, அவ்வளவுதான். நிஜப் பழத்தின் பூர்வீகமும் கலப்புத்தான். 1714-இல் ஃப்ரெஸியர் என்ற பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து கொண்டுபோன செடியும் வட அமெரிக்கச் செடியும் பிரான்சில் ஒட்டிப் பிறந்தது இன்றைய ஸ்ட்ராபெரி. இந்தியாவில் மகாபலேஷ்வர் பழத்துக்குத்தான் பெயர். 2010-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஊட்டி, கொடைக்கானலிலும் விளைகிறது. தை, மாசியில் நம் பேட்டைப் பழக்கடைகளில் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கும்.

செய்முறை

ஒரு லிட்டர் கொழுப்புள்ள பாலில் உறைந்த தயிர். புளிக்காததாக இருக்கட்டும். மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் வடிகட்டியில் நாலு மணி நேரம் வைத்தால் பாதியாகக் குறையும். தண்ணீர் எவ்வளவு வடிகிறதோ, பிற்பாடு நாக்கில் ஐஸ் அவ்வளவு குறைவாக நறநறக்கும்.

ஸ்ட்ராபெரி கால் கிலோ. கழுவிக் காம்பு நீக்கி, நூறு கிராம் சர்க்கரையோடு அடுப்பில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்து மசிக்கவும். சூட்டோடு தயிரில் விட்டால் திரியும். அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாம் கலந்து ருசி பார்க்கும்போது தித்திப்பு ஒரு மாற்று தூக்கலாக இருக்கவேண்டும். குளிரில் நாக்குக்குத் தித்திப்பு மங்கும். சர்க்கரை நோய்க்காகக் குறைப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சர்க்கரைதான் அதைக் கல்லாக உறையவிடாமல் தடுக்கிறது. குறைத்தால் சாப்பிடுவதற்குக் கால் மணி முன்பே வெளியே எடுத்துவைக்கவும்.

அகலமான எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, முக்கால் மணிக்கு ஒரு தரம் எடுத்து ஓரத்தில் உறைந்ததை நடுவே தள்ளிக் கிளறவும். நாலு தடவை போதும். மிஷின் தேவையில்லை.

வடிந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், உப்புப் போட்டுக் குடிக்கலாம். கணக்கு டீச்சரான அத்தைப் பாட்டி எதையும் வீணாக்க விட்டதில்லை.