குதிரைப் பாதையில் சைக்கிள்

சைக்கிளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் சக்கரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். மரச் சக்கரம், இரும்புச் சக்கரம், காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்தச் சக்கரம் உருள்வதற்குப் பாதை கொடுத்தது யார் என்று மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தனை சமாசாரமும் அதில் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே, பீக் டிஸ்டிரிக்ட் என்ற மலைப் பிரதேசம் இருக்கிறது. மலை என்றதும் இமயத்தை நினைத்துவிட வேண்டாம். அங்கே மிக உயர்ந்த இடமான கிண்டர் ஸ்கௌட்டின் உயரமே 2,087 அடிதான். நம் ஏற்காட்டுக்கு அது பாதிகூட இல்லை. அதன் மேற்கு அடிவாரத்தில் ஹேஃபீல்டு என்ற சிறு ஊர். ஊரை ஒட்டி செட் என்ற சிற்றாறு ஓடுகிறது. ஆற்றோரமெல்லாம் மரம், மேலே ஏற ஏற மரங்கள் குறைந்து, கடைசியில் ‘மூர்’ என்று அவர்கள் சொல்லும் வெட்டவெளி வந்துவிடும். அங்கே முழங்காலளவு ஹெதர்ப் புதர்கள். ஆகஸ்டு மாதத்தில் மலை முழுவதும் ஊதாப் பூவாக இருக்கும். காலுக்குக் கீழே ‘பீட்’ என்ற கறுத்த ஈரமண், ஊறவைத்த பஞ்சு மாதிரி அமுங்கும்.

இந்த ஊரைச் சுற்றி இன்று தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்களில் ஆண்களும் பெண்களும் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டு போகும் வழிகளில் ஒன்று மிகப் பழையது. ஹேஃபீல்டிலிருந்து மலையின் தோள் வழியாக ஏறி, ஈடேல் கிராஸ் என்ற கற்சிலுவையைத் தாண்டி, ஜேக்கப் ஏணி என்ற செங்குத்தான சரிவில் இறங்கி, ஈடேல் பள்ளத்தாக்கை அடையும் வழி அது. ரெயிலும் நல்ல சாலைகளும் இல்லாத காலத்தில் பொதி சுமக்கும் குதிரைகள் போன வழி. உப்பும் கம்பளியும் இப்படிப்பட்ட வழிகளில்தான் மலை தாண்டின. அந்தக் குதிரைக்காரர்களுக்குத்தான் இன்றைய சைக்கிள்காரர்கள் முதல் வணக்கம் சொல்ல வேண்டும்.

ஆனால் குதிரை போன வழியில் சைக்கிள் போகலாமா? இங்கேதான் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. 1888-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, சைக்கிளும் ஒரு ‘வண்டி’ என்று தீர்மானித்துவிட்டது. சைக்கிள்காரர்களுக்கு அது பெரிய வெற்றி. வண்டி என்றால் ராஜபாட்டையில் ஓட அதற்குப் பூரண உரிமை உண்டு; யாரும் மறிக்க முடியாது. ஆனால் அதே வார்த்தை இன்னொரு கதவைச் சாத்தியது. குதிரைப் பாதையில் மனிதன் நடக்கலாம், குதிரை போகலாம், வண்டிக்கு இடமில்லை. கௌரவம் வந்தது, கூடவே சில வாசல்கள் அடைபட்டன.

சட்டம் இருந்தாலும் மனசு கேட்கிறதா? முதல் உலக யுத்தம் ஓய்ந்து நாலைந்து மாதங்களே ஆகியிருந்த 1919 மார்ச் கடைசியில், டபிள்யூ. எம். ராபின்சன் என்பவர் சில நண்பர்களுடன் வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலையைச் சைக்கிளோடு கடந்தார். பனி கொட்டிக் கிடந்தது. ஓட்டியதைவிடத் தள்ளியதும் தூக்கியதும் அதிகம். ஊர் திரும்பி ‘சைக்கிளிங்’ பத்திரிகையில் கட்டுரை எழுதினார். ‘வேஃபேரர்’, அதாவது வழிப்போக்கன், என்பது அவருடைய புனைபெயர். பதுங்கு குழியிலிருந்து மேலேறிப் பாயும் சிப்பாய்களின் வாயில் புழங்கிய ‘ஓவர் தி டாப்’ என்ற சொல்லைத் தலைப்பாக வைத்தார். சைக்கிளுக்குத் தார்ச் சாலை தேவையில்லை, தைரியம் இருந்தால் போதும் என்று அதைப் படித்தவர்களுக்குத் தோன்றியது. 1955-இல், கரடுமுரடான பாதைகளையே தேடிப் போகும் சைக்கிள்காரர்கள் லெம்ஸ்டர் நகரத்து விடுதி ஒன்றில் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ராபின்சன் இறந்த மறுவருஷம், 1957-இல், பெர்வின் கணவாயின் உச்சியில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைக்கப்பட்டது.

ராபின்சனின் வழியில் பனிதான் எதிரி. ஹேஃபீல்டுக்கு மேலே வேறு விதமான எதிரிகள் இருந்தார்கள். கிண்டர் மலையின் பொது நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலியிட்டுப் பங்குபோடப்பட்டது. கௌதாரி இனத்தைச் சேர்ந்த க்ரௌஸ் என்ற பறவையை அங்கே வளர்த்து, ஆகஸ்டு 12-ஆம் தேதி தொடங்கி வேட்டையாடுவது பிரபுக்களின் பொழுதுபோக்கு. சில நாள் வேட்டைக்காக வருஷம் பூராவும் காவல். மான்செஸ்டர் ஆலைகளில் வாரமெல்லாம் புகையைக் குடித்த தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை ரெயிலேறி ஹேஃபீல்டில் வந்து இறங்குவார்கள். மலை கண்ணுக்குத் தெரியும். தடியூன்றிய காவலாளிகளும் தெரிவார்கள்.

1932-இல் ஈஸ்டர் முகாமுக்கு வந்த சில இளைஞர்களைக் காவலாளிகள் விரட்டியடித்தார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் பென்னி ராத்மன். மான்செஸ்டரில் குடியேறிய ருமேனிய யூதக் குடும்பத்துப் பிள்ளை, வயது 20. சின்ன வயதிலேயே மோட்டார்க் கொட்டகை ஒன்றில் எடுபிடி வேலைக்குப் போனவர். அவருடைய ஆஸ்தி ஒரு சைக்கிள். ‘பத்துப் பேரை விரட்டலாம், நானூறு பேரை விரட்ட முடியுமா?’ என்பதுதான் அந்த இளைஞர்களின் கணக்கு. ஏப்ரல் 24-ஆம் தேதி எல்லோரும் ஹேஃபீல்டுக்கு வர வேண்டும் என்று பத்திரிகைக்காரர்களிடமே பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று காலை மான்செஸ்டர் ரெயில் நிலையத்தில் போலீஸார் தடையுத்தரவுடன் அவருக்காகக் காத்திருந்தார்கள். ராத்மன் ரெயிலுக்கு வரவேயில்லை. ஒரு நண்பருடன் சைக்கிளில் ஏறி, மிதித்துக்கொண்டே ஹேஃபீல்டு போய்ச் சேர்ந்துவிட்டார்! ஊருக்கு வெளியே ஒரு கல்லுடைப்புப் பள்ளத்தில் கூட்டம் கூடியது. பேசுவதாக இருந்தவர் பின்வாங்கவே, ராத்மனே பாறைமேல் ஏறிப் பேசினார். பிறகு எல்லோருமாக மலையேறினார்கள். வழியில் கைகலப்பு; ஒரு காவலாளிக்குக் காலில் அடி. மாலையில் இறங்கி வந்தபோது போலீஸார் பொறுக்கி எடுத்துக் கைது செய்தார்கள். டெர்பி நகரத்தில் விசாரணை. ஐந்து பேருக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நெடுநாளாகப் பாதை உரிமைக்காக மனுப்போட்டுவந்த நடைப்பயணச் சங்கத்துப் பெரியவர்கள் இந்தக் கலாட்டாவை ரசிக்கவில்லை. காரியம் கெட்டுவிடும் என்று பயந்தார்கள். ஆனால் நானூறு பேர் செய்த ‘குற்றத்தை’ விடப் புல்லில் நடந்ததற்குச் சிறையா என்ற கேள்விதான் ஜனங்களின் மனத்தில் தங்கியது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதே பீக் டிஸ்டிரிக்ட்தான்.

சைக்கிளின் முறை 1968-இல் வந்தது. அந்த வருஷத்துக் கிராமப்புறச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் போகலாம் என்றது. ஒரே நிபந்தனை: நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும். எண்பது வருஷத்துக்கு முன் ‘வண்டி’ என்று பட்டம் சூட்டப்பட்ட சைக்கிள், அன்றுதான் குதிரைக்குப் பின்னால் நிற்கச் சம்மதித்து உள்ளே நுழைந்தது.

மலைச் சைக்கிள் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் ஜில்லாவில். சில வாலிபர்கள், 1930-களில் செய்த, தடித்த டயருள்ள பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண் சரிவில் உருட்டி விளையாடினார்கள். 1976-இல் ஆரம்பித்த அவர்களுடைய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒரு தடவை இறங்குவதற்குள் பின்சக்கரப் பிரேக்கிலுள்ள மசகு கொதித்து ஆவியாகிவிடும். மறுபடி நிரப்ப வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே சட்டம் அமைத்துச் சைக்கிள் கட்டினார். 1981-இல் தொழிற்சாலையிலிருந்து மொத்தமாக வர ஆரம்பித்தது. 1996 ஒலிம்பிக்கில் இது ஒரு பந்தயமாகவே ஆகிவிட்டது. அந்தப் புதிய வண்டி இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது, குதிரைப் பாதைகள் அதற்காகவே திறந்து வைத்ததுபோல் இருந்தன. ஹேஃபீல்டுக்குத் தொழிலாளிகளைக் கொண்டுவந்த ரெயில் 1970-இல் நின்றது. தண்டவாளத்தை எடுத்த அந்த இரண்டரை மைல் மண்பாதையிலும் இப்போது சைக்கிள் போகிறது.

கதை இத்துடன் சுபமாக முடிந்ததா? இல்லை. 2000-ஆம் வருஷத்துச் சட்டம், மலையிலும் மூரிலும் ஜனங்கள் பாதை விட்டு விலகித் திரியலாம் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதித்தது. ஆனால் நடந்து மட்டுமே. சைக்கிளுக்கு அந்த உரிமை இல்லை. ஸ்காட்லாந்திலோ, 2003-ஆம் வருஷத்துச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் சைக்கிள்காரருக்கும் மலையைத் திறந்துவிட்டது. ஒரே தீவில் இரண்டு நியாயம்! இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. பீட் மண் ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்தது. அதில் விழுந்த தடம் மழைநீருக்கு வாய்க்காலாகி, மலையையே அரித்துவிடும். அந்தப் பயத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பறவைக்காகக் காவல் வைத்தவர்கள் சொன்னதற்கும், மண்ணுக்காகக் கவலைப்படுகிறவர்கள் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னது ‘இது என்னுடையது’ என்றது. பின்னது ‘இது எல்லோருடையதும், ஆகையால் பார்த்து நட’ என்கிறது. பின்னதோடு உட்கார்ந்து பேசலாம்.

2002-இல், அந்த மலையேற்றத்தின் எழுபதாவது ஆண்டுவிழாவுக்கு டெவன்ஷயர் பிரபு வந்தார். 1932-இல் மலையின் சொந்தக்காரர்களில் ஒருவராக இருந்த தம் பாட்டனார் செய்ததற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கேட்க ராத்மன் இல்லை. அவர் அந்த வருஷம் ஜனவரியில்தான் காலமானார்.

இன்றைக்கும் ஈடேல் கிராஸ் வழியாகப் போகிற சைக்கிள்காரருக்குக் கிண்டர் உச்சியைப் பார்க்க ஆசை வந்தால், வண்டியைக் கீழே விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும். 1932-இல் சைக்கிளில் வந்த அந்த வாலிபரும் அப்படித்தான் போனார். அவரை வழியில் மறித்தார்கள். இவரை மறிக்க யாருமில்லை.